கணக்கில் வராத கன்று

நான் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏழு ஊருக்கும் நான் டாக்டரம்மாதான். தோல் கழலை நோய் நூறு மாட்டில் எத்தனைக்கு வந்திருக்கிறது என்று வீடு வீடாகப் பார்த்து எழுதி அனுப்பச் சொன்னது கடலூர் ஆபீஸ். நோய் ஜாஸ்தியாக இருக்கும் ஊருக்குத்தான் முதலில் தடுப்பூசி.

மாட்டின் உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பும் நோய் அது. ஊரில் அதை நோய் என்று யார் சொல்கிறார்கள்? அம்மை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிவிடுவார்கள், வெளியாள் உள்ளே போகக் கூடாது. அஞ்சம்மாள் வீட்டிலும் கட்டியிருந்தது. புருஷன் இல்லாதவள்; ஒரு கறவைப் பசு, ஒரு கிடாரிக் கன்று. பசுவை வைத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. வாசலிலேயே மறித்து நின்று, ரெண்டும் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். பசு நன்றாகத்தான் இருந்தது. கொட்டகைக்குள் கன்று மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது.

கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும். கெஞ்சியாவது உள்ளே போயிருக்கலாம். இன்னும் பத்தொன்பது வீடு பாக்கி, செருப்புக் கடி வேறு. பூஜ்யம் போட்டேன். அந்தத் தெருவில் வேப்பிலை கட்டிய பதினோரு வீட்டுக்கும் அதே பூஜ்யம்தான்.

மீட்டிங்கில் நோயே இல்லாத ஊர் என்று மெச்சி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். மருந்து நெல்லிக்குப்பம் பக்கம் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து அஞ்சம்மாளே போன் செய்தாள். கன்று தேறிவிட்டது, பசு படுத்துவிட்டது. இந்த முறை யாரும் மறிக்கவில்லை. கழுத்திலிருந்து மடி வரை கட்டி, நாலு காலும் வீக்கம். நிஜ டாக்டரையே கூட்டி வந்து காட்டினேன். நாலாம் நாள் பசு செத்தது.

அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் கூப்பிட்டுக் காட்டினார்கள். நூற்றுக்கு நாற்பத்து மூன்று என்று எழுதி அனுப்பினேன், மறு வாரமே மருந்து வந்தது. ஊசி போடும் அன்று அஞ்சம்மாள் கன்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். நோய் கண்டு தேறிய கன்றுக்கு இப்போது ஊசி வேண்டாம் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் நகரவில்லை.

"அன்னைக்கு நான் பொய் சொன்னது ஒனக்குத் தெரியும்தான டாக்டரம்மா?"

"தெரியும்க்கா."

"அப்ப ஏன் எழுதல?"

களைப்பாக இருந்தது என்றேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"இன்னொரு தபா கேட்டிருந்தா உள்ள வுட்டிருப்பேன்" என்றாள்.

கன்றைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனாள். வரிசையில் அடுத்த மாடு வந்தது, ஊசி போட்டேன்.