ஊசி போட்ட கால்

மேனேஜரின் கழுத்துப்பட்டையில் இரும்பு வளையம் இருந்தது. ஸ்கேன் காந்தத்துக்கு இரும்பு ஆகாது என்று அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மயக்கத்தில் கிடந்தவனைத் தள்ளுவண்டியில் ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோனார் டெக்னீஷியன். கதவு மூடியதும் அண்ணி ஆரம்பித்தாள்.

"எனக்கு முதுகு வலிச்சப்ப தைலம் தேய்ச்சுக்கோன்னு சொன்ன வீடு. நாய்க்கு ராஜ வைத்தியம்."

"கொஞ்சம் சும்மா இரேன்," என்றான் அண்ணன்.

"சும்மாதான் இருக்கேன். அவன் மூத்திரத்தைத் துடைக்கிறப்பவும் சும்மாதானே இருந்தேன்."

வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் வாசலிலேயே நிறுத்தி, செருப்பிலிருந்து பை வரைக்கும் மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவான். அதனால் அண்ணன் வைத்த பெயர் மேனேஜர். நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என் கட்டிலுக்கடியில்தான் அவன் படுக்கை. வீட்டில் நான் முழு வாக்கியமாகப் பேசுவது அவனிடம் மட்டும். "நாய்கிட்ட வாய் கிழியப் பேசுவா. நம்மகிட்டன்னா முத்து உதிர்ந்துடும்" என்பாள் அண்ணி.

அவனுடைய இடது பின்னங்கால் பாதத்தில் கட்டி. புற்றுநோய் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அது பாதத்தோடு நின்றிருந்தால் காலை எடுத்துப் பிழைக்க வைக்கலாம். இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுக்கு ஏறியிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. அந்த முடிச்சு தடவிப் பார்க்க முடியாத ஆழத்தில் இருக்கிறது. அதற்காகத்தான் ரத்தத்தில் மருந்து ஏற்றி எடுக்கும் இந்த ஸ்கேன்.

டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சிரிக்காத முகம்.

"இது மருந்து ஏத்தறதுக்கு முன்னால. இது ஏத்தினதுக்கு அப்புறம்."

முதல் படத்தில் எல்லாமே சாம்பல். இரண்டாவதில், சாம்பலுக்கு நடுவே ஒரு கொட்டை வெள்ளையாக எரிந்தது.

"வலப்பக்க முடிச்சு சின்னதா இருக்கு. இடப்பக்கம் நல்லா நெறி கட்டி, மருந்தை இழுத்து வெச்சிருக்கு. தொடைத் தோலுக்கடியில ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுது பாருங்க. சமீபத்துல இந்தக் கால்ல ஊசி ஏதாவது போட்டீங்களா?"

"இல்லையே," என்றான் அண்ணன். நானும் தலையாட்டினேன். அண்ணி சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பரவிடுச்சுன்னுதான் சொல்லுவேன். முடிச்சுல குத்தி எடுத்துப் பார்க்கலாம். ஆனா பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய். இவ்வளவு தெளிவாத் தெரியறப்ப எதுக்குக் குத்தணும்? மயக்கத்துலதான் இருக்கான். எழுப்பாமலே முடிச்சுடலாம், வலி தெரியாது."

அண்ணன் குனிந்துகொண்டான். மெதுவாகத் தலையசைக்கவும் தொடங்கினான்.

"எழுப்புங்க," என்றேன்.

"எழுப்பி?" என்றாள் அண்ணி. "கத்த விட்டு வேடிக்கை பார்க்கப் போறியா?"

"உங்களுக்கு இப்ப சந்தோஷமா?" என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. "அவனை ஒழிச்சுக்கட்டணும்னுதானே இருந்தீங்க. ஒழிஞ்சான். போய் சோபாவுல காலை நீட்டி உக்காருங்க."

"வாயை அளந்து பேசுடி! அனுப்பத்தான் பார்த்தேன், கொல்லப் பார்க்கல. கொல்ல நினைக்கிறவ தடுப்பூசி போட்டுக் கூட்டிட்டு வருவாளா?"

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பினார். "என்ன தடுப்பூசி? எப்போ? எந்தக் கால்ல?"

அண்ணியின் முகம் வெளிறியது. ஆனாலும் சொன்னாள்.

"போன வாரம். நாய் விடுதியில. ஊசி போட்டுப் பத்து நாள் ஆகாத நாயைச் சேர்த்துக்க மாட்டாங்களாம். அங்க இருந்த ஆளே போட்டான். இவன் வலிக்கிற காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னான். வாகா இருக்குன்னு அதுலயே குத்திட்டான்."

"விடுதியா? யாரைக் கேட்டு?" அண்ணன் எழுந்துவிட்டான்.

"ஏன், உங்க தங்கச்சிகிட்ட உத்தரவு வாங்கணுமா?"

டாக்டரம்மா மேசையைத் தட்டினார். "உங்க சண்டையை வெளிய போய்ப் போடுங்க. நான் கேட்டப்ப வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? தடுப்பூசிக்கும் நெறி கட்டும்மா. அதுவும் மருந்தை இப்படித்தான் இழுக்கும். ரெண்டுக்கும் படம் ஒரே மாதிரிதான் இருக்கும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பிழைக்கிற நாயைக் கொன்னிருப்பேன்." உள்ளே திரும்பிக் கத்தினார்: "மயக்கம் தெளிய விடாதே! குத்தி எடுத்துப் பார்த்துடுவோம்."

முடிச்சில் புற்று இல்லை. ஊசிக்கு வந்த வீக்கம்தான். காலை எடுத்தார்கள். மேனேஜர் மூன்று காலோடு வீட்டுக்கு வந்தான்.

அண்ணன் அண்ணியோடு பேசுவதை நிறுத்தினான். நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவளும் இரண்டையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

தையல் பிரித்த அன்று, கடைக்குப் போன அண்ணி இரண்டு கையிலும் பையோடு திரும்பி வந்தாள். மேனேஜர் தள்ளாடிக்கொண்டே போய் வாசலை மறித்தான். செருப்பிலிருந்து ஆரம்பித்தான்.

"சீக்கிரம் பாருடா சனியனே, கை கழண்டுடும் போல இருக்கு," என்றாள். ஆனால் அவனைத் தாண்டி வரவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். "என்ன முறைக்கிற? விடுதியில அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. உன்னை வேணா சேர்த்து விடறேன். தடுப்பூசி மட்டும் போட்டுக்கோ."

"எந்தக் கால்ல போட்டுக்கணும் அண்ணி?" என்று கேட்டேன்.

அவள் பைகளைப் பொத்தென்று தரையில் வைத்தாள். மேனேஜர் அவற்றையும் மோந்து பார்க்கத் தொடங்கினான்.