பிரிக்காத உப்புப் பை

கரீமுல்லா அடுப்பைப் பற்ற வைக்கக் குனிந்தபோது, அவர் தங்கை ஜமீலுன்னிசா பின்னாலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உனக்கு புத்தி பேதலிச்சுப் போச்சாண்ணே? கீழ அண்ணியோட மய்யித்து கெடக்குது. மய்யித்து வீட்ல அடுப்பு எரிப்பாங்களா?"

"குடு அத."

"நாலு ஜனம் இன்னா சொல்லும்?"

"ஜனம் பள்ளிக்கூடத்து மாடியில பட்டினியா கெடக்குது. அது ஒண்ணும் சொல்லாது. குடு."

மொட்டை மாடியில் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. அடையாறு கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்ததிலிருந்து தரைத் தளம் முழுக்கத் தண்ணீர். குடும்பம் நடு மாடிக்கு ஏறியிருந்தது. நிவாரண அரிசி லாரி பாலம் வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் படகுதான். அரிசி இருந்தது, ஆக்க அடுப்பு இல்லை. கல்யாண பிரியாணி போடுகிற கரீமுல்லாவின் மாடியில் மட்டும் தேக்சா அண்டாவும் பெரிய அடுப்பும் சிலிண்டரும் நனையாமல் இருந்தன. அதனால் நிவாரண வேலைக்கு வந்திருந்த அதிகாரி தனபாலன் அரிசியை இங்கே இறக்கினான். லூர்துசாமியின் மீன் படகு இங்கிருந்து பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனது.

காலையில் அவர் மனைவி சகினா அரிசியைக் கழுவி ஊறப் போட்டாள். நெஞ்சை அடைக்கிறது என்று மாடிப்படியில் உட்கார்ந்தாள். கரீமுல்லா குடிக்கத் தண்ணீர் கொண்டுவருவதற்குள் தலை சுவரில் சாய்ந்திருந்தது. டாக்டருக்கோ படகுக்கோ அவள் வேலை வைக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனுஷி என்று ஜமீலுன்னிசா அழுதாள். அது பச்சைப் பொய். கரீமுல்லாவுக்கு அவள் கொடுத்த தொந்தரவு கொஞ்சமா?

தனபாலன் மழைக்கோட்டோடு படியேறி வந்தான். சங்கதி அவனுக்கும் போய்விட்டிருந்தது.

"வேணாம் பாய். நீங்க அம்மாவப் பாருங்க. நான் மேல பேசி பொட்டலம் வரவழைக்கிறேன்."

"எப்போ வரும்?"

தனபாலன் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"வானத்துலேர்ந்து போடுவீங்க. பாதி தண்ணியில வுயும். மீதிய எவன் கை நீளமோ அவன் எடுத்துக்குவான். அதானே?"

கரீமுல்லா எந்த அதிகாரியையும் நம்பியதில்லை. ஆனால் சமாதானம் சொல்லாமல் தலையைக் குனிந்து நிற்கிற அதிகாரியை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"இது அவ ஊறப்போட்ட அரிசி," என்றார் தங்கையிடம். "இன்னும் வுட்டா புளிச்சுப்பூடும். அப்பால தண்ணியில கொட்டணும். நீயே கொட்டு, போ."

ஜமீலுன்னிசா தீப்பெட்டியை அவர் கையில் கொடுக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். போகிறபோது, தார்ப்பாயில் வடிந்த மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த குடங்களைத் தூக்கிக்கொண்டாள். மய்யித்தைக் குளிப்பாட்ட வேறு நல்ல தண்ணீர் இல்லை.

கரீமுல்லா அடுப்பை மூட்டினார். எண்ணெய், வெங்காயம், தக்காளி, மசாலா. கை தன் பாட்டுக்கு நடந்தது. உலை கொதித்தது. கரண்டியில் கொஞ்சம் மொண்டு படிக்கட்டுப் பக்கமாக நீட்டினார்.

"பாத்துடு."

நீட்டிய பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்பது உறைத்தது.

சில வருஷத்துக்கு முன்னால் அவர் கன்னத்தில் புண் வந்தது. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். புண் போனது, கூடவே நாக்கும் போனது. அவர் வாய்க்குச் சர்க்கரையும் மண்ணும் ஒன்றுதான். சமையல்காரனுக்கு ருசி செத்துவிட்டது என்று தெரிந்தால் எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? தங்கையிடம் சொல்லவில்லை. மகன் யாசிரிடமும் சொல்லவில்லை, அவன் வாயில் எதுவும் தங்காது. சகினாவுக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து உப்பு அவள் கணக்கு. அவளே அள்ளிப் போடுவாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்த்து "ம்" என்பாள். அதற்கப்புறம்தான் அரிசி விழும். பாய் பொண்டாட்டியைக் கேட்காமல் ஒரு காரியம் செய்யமாட்டார் என்று கல்யாண வீடுகளில் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

கீழே துணி கிழிக்கிற சத்தம் கேட்டது. மய்யித்துக்குச் சுற்றப் பள்ளிவாசலிலிருந்து வந்த கஃபன் துணி.

கரீமுல்லா கரண்டியை உலையிலேயே கவிழ்த்தார். அரிசியைப் போட்டு மூடினார்.

யாசிர் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பொட்டலம் கட்டினான். ஒரு பருக்கையைக்கூட யாரும் வாயில் வைக்கவில்லை. மய்யித்தை எடுப்பதற்கு முன்னால் யாருக்குச் சோறு இறங்கும்?

படகு போய்த் திரும்பி வந்தபோது பாதிப் படகில் புதுத் தார்ப்பாய் விரித்திருந்தது. லூர்துசாமி மீன் வாடை போகத் தேய்த்துக் கழுவியிருந்தான். அவன் கையில் பொட்டலங்கள் இருந்தன.

"இன்னாடா, மிஞ்சிப் போச்சா?"

"மிஞ்சல பாய். பள்ளிக்கூடத்துல கீற கெங்கம்மா கெயவி குடுத்தனுப்பிச்சுது. சாவு ஊட்ல பொங்கக் கூடாது, வெளியிலேர்ந்துதான் சோறு போவணும்னுச்சு. அங்க ஏது அடுப்பு? ஆளாளுக்கு அவங்க பங்குலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க."

"என் சோத்த எனக்கே அனுப்புறாங்களா?"

"இப்ப அது உன் சோறு இல்ல பாய். அவங்க சோறு."

"எப்டி இருந்துச்சாம்?"

லூர்துசாமி கயிற்றைக் கம்பியில் சுற்றினான். "ஒரு பருக்க மிச்சம் வெக்கல," என்றான். முடிச்சை இறுக்கிவிட்டு, "போன வாரங்கூட வஞ்சரத்துக்கு வெல சொன்னப்ப, என்ன கொள்ளைக்காரன்னுச்சு பாய் உன் ஊட்டம்மா," என்றான்.

"கொள்ளைக்காரன்தான் நீ," என்றார் கரீமுல்லா.

இரண்டு பேரும் சேர்ந்து மய்யித்து வைத்த சந்தூக்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்கள். மறுபக்கம் யாசிரும் தனபாலனும். சகினா பாலம் வரைக்கும் படகில் போனாள், அங்கிருந்து வேனில்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. சிலிண்டரை மூடினோமா என்று பார்க்கக் கரீமுல்லா மாடிக்குப் போனார். மூடியிருந்தது. கைப்பிடிச் சுவரில் தீப்பெட்டி. அதன் பக்கத்தில் உப்புப் பை. காலையில் சகினா எடுத்து வைத்தது. வாய் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

அவர் அதைக் கையில் எடுத்தார். லூர்துசாமி கயிற்றைச் சுற்றியது கண்ணில் வந்தது. பசித்தவர்கள் தின்றிருக்கிறார்கள். ஒருத்தரும் ஒரு சொல் சொல்லி அனுப்பவில்லை.

கீழே ஜமீலுன்னிசா பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். கரீமுல்லா உட்கார்ந்து ஒரு வாய், இரண்டு வாய் என்று தின்றார். பிறகு அவள் ஒரு கவளத்தை வாயில் போட்டாள். மெல்லுவது நின்றது. யாசிர் உப்பெடுக்க எழப்போனான்.

"உப்பு சரியா கீதா?" என்று கேட்டார் கரீமுல்லா. அவர் தங்கையைப் பார்க்கவில்லை.

ஜமீலுன்னிசா அண்ணனை வெகுநேரம் பார்த்தாள். அவர் வாய் மென்றுகொண்டே இருந்தது. யாசிரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சரியா கீதுண்ணே. துன்னு."

யாரும் உப்பெடுக்கவில்லை. மூன்று பேரும் பொட்டலத்தைக் காலி செய்தார்கள்.

மறுநாள் காலை தனபாலன் அரிசி மூட்டையோடு படகில் நின்று மாடியைப் பார்த்தான். கேட்கக் கூசினான். கரீமுல்லா இறக்கச் சொல்லிக் கை காட்டினார்.

உலை கொதித்தது. உப்புப் பையின் வாயைப் பல்லால் கிழித்தார். கிழித்துவிட்டு, கையில் பிடித்தபடி நின்றார்.

படியில் காலடிச் சத்தம். ஜமீலுன்னிசா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள். பையை வாங்கினாள். ஒரு கை அள்ளி உலையில் போட்டாள். உள்ளங்கையை நீட்டினாள்.

கரீமுல்லா கரண்டியில் மொண்டு, ஊதி ஊதி ஆற்றி, ஒரு சொட்டு விட்டார்.