அதிகாரிகளுக்கு விலக்கு

போலீஸ் நிலைய லோக்காப்பில் கைதிகளைக் காவல் பார்க்கும் பயிற்சிக்கு வரும் கான்ஸ்டபிள்களை இன்ஸ்பெக்டர் ஸ்டெஃபனி நாற்காலியில் உட்கார விடமாட்டாள். தரையில் கைதி அறை அளவுக்குச் சாக்பீஸால் கட்டம் போட்டு, அதற்குள் நாலைந்து பேரைப் படுக்க வைப்பாள். ஒருவன் மூச்சுத் திணறுகிறவனாக நடிக்க வேண்டும். வெளியே காவலுக்கு நிற்பவன் என்ன செய்கிறான் என்று மற்றவர்கள் கவனிக்க வேண்டும். எந்த வகுப்பாக இருந்தாலும் முதலில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். சிரிப்பார்கள்.

சிரித்து ஓயும்வரை காத்திருந்துவிட்டுப் பேசுவாள். மலாயில் சொல்லி முடித்து, தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் தமிழிலும் சொல்வாள். "நடிக்கிறவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா டாக்டர் உன்னைத் திட்டுவார். நெஜமாவே முடியாதவனை விட்டுட்டா அவன் செத்துருவான். அதுக்குப் பதிலாத் திட்டு வாங்கிக்கோ. யாரையும் கேக்க வேணாம். முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடு, அப்புறம் மேல சொல்லு."

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் அவள். அப்பா போய்ச் சேர்ந்தபின், அம்மா கெர்ட்ரூடோடு அதே வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தாள். யாராவது லோக்காப்பில் செத்த செய்தி பேப்பரில் வந்த வாரங்களில், மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது ஆட்கள் அவளிடம் பேசும் விதமே மாறிவிடும். முகத்தைப் பார்க்காமல் நலம் விசாரிப்பார்கள். அவளும் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்வாள். அந்தப் பூசைகளுக்குப் பிறகுதான் இந்தப் பயிற்சியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாள்.

அவள் யோசனையைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே மேலதிகாரி கன்னையா. பயிற்சிப் பிரிவின் தலைவர். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். குரலை உயர்த்தாமலேயே ஆட்களை வேலை வாங்கத் தெரிந்தவர். இரண்டு வருஷம் அந்தத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு நாள் ஸ்டெஃபனியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ஓக்கே ஆயிருச்சு ஸ்டெஃபி. ஒரே ஒரு விஷயம் மட்டும் எடுத்துட்டாங்க."

"என்ன துவான்?" மேலதிகாரி ஆணென்றால் துவான், பெண்ணென்றால் புவான்; அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"அதிகாரிங்க வர வேணாம்னுட்டாங்க. சார்ஜண்ட் வரைக்கும்தான். இன்ஸ்பெக்டர்லேருந்து மேல விலக்கு."

அவளுக்குக் காது சுட்டது. "துவான், லோக்காப்ல முடிவு எடுக்கறதே நிலையத் தலைவர்தான். அவருக்குச் சொல்லிக் குடுக்காம கீழ இருக்கறவனுக்குச் சொல்லிக் குடுத்து என்ன ஆகப் போவுது?"

"தெரியும் லா. எனக்குத் தெரியாதா? ஆனா அவங்க என்ன சொல்றாங்க? அனுபவம் உள்ள அதிகாரிகளைத் தரையில படுக்கச் சொன்னா மரியாதை என்ன ஆவும்னு கேக்கறாங்க. இப்போதைக்கு உள்ள நுழைஞ்சிக்குவோம். ஒரு வருஷம் ஓடட்டும், அப்புறம் ஒவ்வொருத்தரா கொண்டு வந்துக்கலாம்."

அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அதை ஸ்டெஃபனி கடைசிவரைக்கும் நம்பினாள். அன்று அவளும் சரியென்று தலையாட்டிவிட்டு வகுப்பறைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தாள்.

வருஷம் ஒன்று ஓடி, இரண்டாவதும் பாதி ஓடியது. அதிகாரிகள் யாரும் வரவில்லை. பயிற்சித் தொடக்க விழாவில் அவர்களோடு எடுத்த படம் மட்டும் நுழைவாயிலில் பெரிதாக மாட்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரிஷி இறந்தான்.

கிள்ளானில் லோரி உதவியாளாக இருந்தவன். இருபத்தேழு வயது. மோட்டார் சைக்கிள் திருட்டு ஒன்றில் விசாரிக்க வேண்டும் என்று, சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தவனை அழைத்துப் போனார்கள். மறுநாள் மத்தியானம் லோக்காப்பில் மூச்சு நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாவாம். திருடியவன் வேறு யாரோ என்று அடுத்த வாரம் தெரிந்தது. அன்று அங்கே காவலில் இருந்த கான்ஸ்டபிள் ஷான். அவள் வகுப்பில் படித்தவன்தான்.

பெயரைக் கேட்டதும் ஸ்டெஃபனிக்கு ஆள் நினைவுக்கு வந்துவிட்டான். செராஸ் வட்டாரத்துப் பையன். நெட்டையாக இருப்பான். படுத்தால் கால் கட்டத்துக்கு வெளியே நீளும் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். மூச்சுத் திணறுகிறவனாக நடித்தது அவன்தான். நன்றாக நடித்தான்.

இரண்டு நாள் கழித்து அவளைத் தேடிக்கொண்டு அவனே பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தான். வீட்டுக்குள் வர மறுத்துக் கீழே கார் நிறுத்துமிடத்திலேயே நின்றான். வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டார்களாம்.

"கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்னான் புவான். பம்ப் வேணும், பம்ப் வேணும்னான். மூச்சுக்கு அடிக்கிற அந்தப் பம்ப்போட அவன் சாமானெல்லாம் பிளாஸ்டிக் பைல போட்டு மேசை மேலதான் இருந்துச்சு. நான் போய் எடுத்தேன். துவான் வந்துட்டார். கைதி சாமானைத் தொடக் கூடாது, ரூல் தெரியாதான்னு கேட்டார்."

"நிலையத் தலைவரா?"

"அவர்தான். ஆம்புலன்ஸ் கூப்பிடவா துவான்னு கேட்டேன். நடிக்கிறான், இவனுங்களை நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்னார். திரும்பவும் கேட்டேன். இங்க நீ தலைவனா நான் தலைவனான்னு கேட்டார்."

"நீ என்ன செஞ்ச?"

ஷான் கீழே பார்த்தான். "நின்னேன் புவான். போன் கைக்கெட்டற தூரத்துலதான் இருந்துச்சு. நின்னுக்கிட்டே இருந்தேன். அவன் கீழே உக்காந்துட்டான். அப்புறம் சத்தமே இல்ல. பாத்தியா, இப்ப அமைதியாயிட்டான்னு துவான் சொன்னார்."

உள் விசாரணையில் இதையெல்லாம் அப்படியே சொல்லு, நானும் வந்து சொல்கிறேன் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான்.

விசாரணைக்கு முந்தின நாள் கன்னையா அவளைச் சாப்பிடக் கூட்டிப் போனார். வாழையிலை போட்டு, சோறு வந்து, இருவரும் கை வைக்காமல் இருந்தார்கள்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு ஸ்டெஃபி. அதுக்கு மேல வேணாம்."

"நிலையத் தலைவர் ஏன் பயிற்சிக்கு வரலைன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"அப்ப நானே சொல்றேன்."

கன்னையா சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். "சொன்னா என்ன ஆவும் தெரியுமா? பயிற்சியே சரியில்லன்னு மூடிருவாங்க. ரெண்டு வருஷம் நான் நாய் மாதிரி அலைஞ்சது போயிரும். ஒரு பையனுக்காகவா?"

"செத்தது ஒரு பையன் துவான். வேலை போவப் போறது இன்னொரு பையனுக்கு."

"அடுத்த மாசம் பதவி உயர்வுக்கு என் பேரு மேல போவுது. நான் அங்க போய் உக்காந்தாதான் அதிகாரிங்களையும் உள்ள கொண்டு வர முடியும். கொஞ்சம் பொறுத்துக்கோயேன்."

அவள் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். சாப்பிடாத சோறு உள்ளே கிடந்தது.

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாகக் கன்னையாவும் இருந்தார். கேள்விகள் சுருக்கமாக வந்தன. ஷான் பயிற்சி பெற்றவனா? பெற்றவன். கைதிக்கு மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்களா? கொடுத்தேன். அதற்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டுமா?

"வேண்டாம் என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் நிலையத் தலைவருக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதிகாரிகளுக்கு விலக்குக் கொடுத்தோம்."

"அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது," என்றார் நடுவில் உட்கார்ந்திருந்தவர்.

"சம்பந்தம் இருக்கிறது துவான். ஷான் கேட்டான், அவர்தான்..."

"நன்றி, இன்ஸ்பெக்டர்."

கன்னையா சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு சீக்கிரமே வந்தது. உரிய பயிற்சி பெற்றிருந்தும் அதன்படி நடக்கத் தவறியதால் கான்ஸ்டபிள் ஷான் பணிநீக்கம். நிலையத் தலைவருக்கு எச்சரிக்கை, ஷா ஆலமுக்கு இடமாற்றம். ஸ்டெஃபனி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் நடத்திய வகுப்பு இல்லையென்றால் இந்த வாக்கியத்தையே எழுதியிருக்க முடியாது. ஒன்றும் தெரியாத ஒரு கான்ஸ்டபிளை யார் குற்றம் சொல்லியிருப்பார்கள்? பழி மேலே போயிருக்கும். சொல்லிக்கொடுத்து, வந்தான் என்று கையெழுத்தும் வாங்கி, அவனை அவள்தான் அவர்கள் கையில் கொடுத்திருந்தாள்.

ரிஷியின் குடும்பத்துக்காக அர்ச்சனா சோலையப்பன் என்ற வக்கீல் மரண விசாரணைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். பெட்டாலிங் ஜெயாவில் இருந்த அவர் அலுவலகத்துக்கு ஸ்டெஃபனி சீருடை இல்லாமல் போனாள். சாட்சி சொல்ல வருகிறேன் என்றாள். உங்கள் வேலைக்கு ஆபத்து வருமே என்று அர்ச்சனா எச்சரித்தார். தெரியும் என்றாள்.

அங்கே ரிஷியின் அக்கா ஷாமினியும் இருந்தாள். கிள்ளானில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். வேலைச் சட்டையோடே வந்திருந்தாள். ஸ்டெஃபனி சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் போலீஸ்காரனுக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

"அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. என் தம்பி சாவறான்னு தெரிஞ்சே பாத்துக்கிட்டு நின்னுருக்கான்."

"அவனை நிலையத் தலைவர்தான் தடுத்தார். அவன் ரெண்டு தடவை கேட்டிருக்கான்."

"ரெண்டு தடவை கேட்டது பெருசா ஆன்டி? என் தம்பி எத்தனை தடவை கேட்டிருப்பான்?" ஷாமினி அழவில்லை. "நீங்க சாட்சி சொல்லுங்க. வேணாங்கல. ஆனா அவன் பாவம்னு சொல்ல எங்ககிட்ட வராதீங்க."

நிலையத் தலைவர் மேலிருந்த கோபத்தில் ஷானைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்துவிட்டதை ஸ்டெஃபனி அப்போதுதான் உணர்ந்தாள். செத்தவனுக்கு ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்கு ஷானும் நிலையத் தலைவரும் ஒன்றுதான்.

ஷா ஆலமில் நடந்த மரண விசாரணையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரிகளுக்கு எப்படி விலக்குக் கிடைத்தது, அதற்குத் தானும் தலையாட்டியது, எதையும் விடவில்லை. மறுநாள் பேப்பரில் அவள் படம் வந்தது. அந்த ஞாயிறு கோயில் வாசலில் சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உனக்கு ஏன்டி இந்த வேலை? பென்ஷனுக்கு இன்னும் எவ்வளவு வருஷம் இருக்கு?" என்று கெர்ட்ரூட் மட்டும் வீட்டில் முணுமுணுத்தார்.

தக்க நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் ரிஷி பிழைத்திருக்கக்கூடும் என்று தீர்ப்பில் சொன்னார்கள். எல்லா நிலையிலும் பயிற்சியை வலுப்படுத்த வேண்டும் என்றும் இருந்தது. அந்த வரியைப் படித்தபோது அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது உண்மை.

பயிற்சியை வலுப்படுத்தினார்கள். கான்ஸ்டபிள்களுக்கு ஒரு நாளாக இருந்தது இரண்டு நாளானது. அதிகாரிகளுக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள், வசதிப்பட்டபோது பார்த்துக்கொள்ளலாம். கன்னையா மேலே போனார். அவர் அங்கிருந்து அனுப்பிய முதல் உத்தரவுகளில் ஒன்று ஸ்டெஃபனியைப் பற்றியது. போலீஸ் வாகனங்களைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றியிருந்தார். உத்தரவு வருவதற்கு முன்னால் போனில் கூப்பிட்டார்.

"உன் நல்லதுக்குத்தான் ஸ்டெஃபி. கொஞ்ச நாள் யார் கண்லயும் படாம இரு. அப்புறம் நானே கூப்பிட்டுக்கறேன்."

"அதிகாரிங்களைக் கூப்பிட்டீங்களா துவான்?"

"எல்லாத்துக்கும் நேரம் வரணும் லா," என்றார் கன்னையா.

புதிய அலுவலகம் தகரக் கூரைக் கொட்டகை ஒன்றின் ஓரத்தில் இருந்தது. நாள் முழுவதும் எந்தக் காருக்கு டயர் மாற்ற வேண்டும், எந்த வேனுக்கு பிரேக் போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இடிபட்ட கார்கள் வரிசையாக நின்றன. மெக்கானிக்குகள் நல்லவர்கள். அவள் யாரென்று அவர்களுக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பயிற்சி அவள் எழுதிய பாடத்தை வைத்துத்தான் இன்னும் நடக்கிறது என்று கேள்விப்பட்டாள். ரிஷியின் கதையையும் பெயர் போடாமல் சேர்த்திருக்கிறார்களாம். கான்ஸ்டபிள் செய்த தவறு என்ன என்று வகுப்பில் கேட்கிறார்களாம்.

மழைக்காலம் முடியும் தறுவாயில், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் ஷானைப் பார்த்தாள். செக்யூரிட்டி சட்டை போட்டிருந்தான். ஆளுக்கு அது சிறிதாக இருந்தது. அவள் கார் கண்ணாடியை இறக்கினாள்.

"எப்படிப்பா இருக்க?"

"இருக்கேன் புவான்."

"ஏதாவது உதவி வேணும்னா என்கிட்ட கேளு. வேற வேலைக்கு யார்கிட்டயாவது சொல்லிப் பாக்கறேன்."

"வேணாம் புவான்." பின்னால் நின்ற காரைக் கையைக் காட்டிக் காத்திருக்கச் சொன்னான். "ஒண்ணு மட்டும் சொல்லணும்னு நெனச்சேன். கோவிச்சிக்காதீங்க."

"சொல்லு."

"அன்னிக்கு நிலையத்துல கூட இருந்த மத்தவங்க எல்லாம் நல்லாத் தூங்கறாங்க. துவானும் தூங்கறாராம், கேட்டேன். நீங்க சொல்லிக் குடுத்தது எனக்கு ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருந்துச்சு புவான், அங்க நிக்கும்போதே. நான் உங்க கிளாஸுக்கு வராமலே இருந்திருக்கலாம்."

பின்னாலிருந்த கார் ஹார்ன் அடித்தது. ஷான் தடுப்புக் கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளைப் போகச் சொல்லிக் கை காட்டினான்.