நிறைவண்டி

ஆடி பிறந்துவிட்டால் பெரியாற்றங்கரை மலைகளில் பகலும் மாலையின் நிறத்தையே உடுத்திக்கொள்ளும். கதிரவன் எழுந்தானா என்பது தேயிலைச் செடிகளின் நுனியில் ஊறும் மங்கிய வெளிச்சத்தால்தான் தெரியவரும். மேகம் மலையின் தோளில் வந்தமரும். அமர்ந்தபின் எழ மனங்கொள்ளாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரைகளில் மழை இடைவிடாது ஓதிக்கொண்டிருக்கும். ஓடைகள் சிவந்து கலங்கி, வேரோடு பறித்தவற்றைச் சுமந்து இறங்கும். அத்தகைய நாள்களில் மனிதர் குரலைத் தாழ்த்தியே பேசுவர். சாமியின் பெயரைச் சொல்லாமல் கதவைத் திறப்பதில்லை.

பொன்ராஜுக்கு அந்த மாதத்தின் மேல் தீராத அச்சம் இருந்தது. வண்டிப்பெரியாற்றுக்கு மேலிருந்த ஓர் எஸ்டேட்டின் சிறிய லாரிக்கு அவன் டிரைவர். தேயிலைப் பெட்டியும் அரிசி மூட்டையும் நோயாளிகளும் நாள்தோறும் அந்தத் திறந்த வண்டியில்தான் சென்றனர். சென்ற ஆடியில் அவன் மனைவி சின்னத்தாயி பேறுகால வலியோடு அதில் ஏறினாள். மிஷன் ஆசுபத்திரி மேட்டுக்கு அப்பால் இருந்தது. பெட்டிகளையும் சுமந்திருந்த வண்டி பாதி மேட்டில் மூச்சு முட்டி நின்றுபோயிற்று. ஆண்கள் தள்ளியும் அசையவில்லை. பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் குழந்தை பிறந்தது, அழவில்லை.

அதன்பின் பொன்ராஜ் எஸ்டேட் துரையின் பங்களா வாசலை விட்டு நகரவில்லை. புது வண்டிக்கு வழியில்லை என்ற துரை, இருக்கும் எஞ்சினைப் பெரிதாக்க ஒருவாறு இசைந்தார். கஞ்சிக்கோட்டிலிருந்து எஞ்சின் பழுதுபார்க்கும் பிட்டர் ஆறுச்சாமி வரவழைக்கப்பட்டான். எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் கோயமுத்தூர்க் கடைசல் பட்டறைக்குப் போய், உள்வாய் அகலமாகக் கடையப்பட்டுத் திரும்பின. அவற்றுக்கேற்ற பெரிய பிஸ்டன்களை ஆறுச்சாமி எண்ணெய் தடவி ஒவ்வொன்றாக இறக்கினான். காற்றும் பெட்ரோலும் முன்னிலும் மிகுதியாய் உள்ளே புகும்; இழுக்கும் வலிமையும் மிகும். கைப்பிடியைச் சுழற்றியதும் எஞ்சின் கனத்த குரலில் பேசத் தொடங்கியது. சின்னத்தாயி லயத்து வாசலில் வயிற்றில் கைவைத்து நின்று அதைக் கேட்டாள். அவளுக்கு மீண்டும் மாதம் நெருங்கியிருந்தது.

“பலம் வந்துருச்சுங்க. ஆனா ஒண்ணு,” என்றான் ஆறுச்சாமி. “பிஸ்டனும் புதுசு, சிலிண்டர் செவுரும் புதுசு. ரண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகோணும். ஒரு மாசத்துக்குப் பாதி பாரந்தானுங்க. சூடேறுச்சுன்னா நிறுத்திப்போடோணும். இல்லீன்னா பிஸ்டன் வீங்கிப் புடிச்சுக்கும்.”

“புதுப்பொண்ணு மாதிரின்னு சொல்லுதீரு.”

“அதவிட மோசமுங்க. புதுப்பொண்ணு கோவிச்சுட்டா பொறந்த ஊட்டுக்குப் போகும். இது நடுரோட்டுல உக்காந்துக்கும்.”

ஆனால் லயத்தில் வேறொரு நியதி இருந்தது. புதுக்கிய வண்டியின் முதற்பயணம் நிறைவண்டியாகவே போக வேண்டும். ஆள் நிறைந்து, பொங்கற்பானை நிறைந்து, மேட்டின் உச்சியிலுள்ள மாடசாமி பீடத்துக்குச் செல்ல வேண்டும். குறைவண்டி ஓட்டினால் ஓட்டுபவன் வீட்டில் குறை விழும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெள்ளிக்கிழமை காலையில் கங்காணி பிச்சைமணி ஆள்களைத் திரட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் சின்னத்தாயிக்குத் தாய்மாமன்.

“பாதிப் பேர் ஏறுங்க மாமா. மீதிப் பேர மறுநடையில கூட்டிட்டுப் போறேன்.”

“என்ன மாப்ளே, சாமிக்கே ரெண்டு தவணையா? போன ஆடியில பட்டது பத்தாதோ? வயித்துப்புள்ளக்காரிய வீட்டுல வச்சுக்கிட்டு கொறவண்டி ஓட்டுவியாக்கும்?”

“பிட்டர் சொல்லுதாருல்லா...”

“அவரு கோயமுத்தூருப் பக்கம். நம்ம மாடன அவருக்கு என்ன தெரியும்?”

பொன்ராஜ் மனைவியைப் பார்த்தான். “எல்லாரையும் ஏத்திக்கோங்க. எனக்குப் பயமா இருக்கு,” என்றாள் அவள்.

அதற்குமேல் அவனால் மறுக்க இயலவில்லை. ஆறுச்சாமி தண்ணீர்த் தகரத்தை எடுத்துக்கொண்டு அவனருகே ஏறி அமர்ந்தான்.

சின்னத்தாயியை லயத்தில் விட்டுப் புறப்பட்ட வண்டி வியக்கத்தக்க வேகத்தில் மேடேறியது. பின்னாலிருந்து குலவை எழுந்தது. “பாத்தியா மாப்ளே, மாடன் இழுக்கான்!” என்று பிச்சைமணி கூவினார். அந்த ஆரவாரத்தின் நடுவே எண்ணெய் தீயும் நாற்றம் மெல்ல வந்தது. “நிறுத்துங்க!” என்று ஆறுச்சாமி அலறினான். பொன்ராஜ் நிறுத்த இடம் தேடுவதற்குள் எஞ்சின் ஒரு முறை கிறீச்சிட்டு இறுகிப்போயிற்று. பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, வண்டி சேற்றில் பின்னோக்கி வழுக்கியது. ஒருபுறம் பள்ளம், மறுபுறம் மண்சரிவு. அவன் ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பிச் சரிவில் மோதவிட்டான். பானைகள் உடைந்தன. ஒருவனுக்குக் கை ஒடிந்தது. சேற்றிலிருந்து எழுந்த பிச்சைமணி யாரையும் பாராமல் நடந்தார்.

காளைகள் வண்டியைக் கொட்டகைக்கு இழுத்து வந்தன. மறுநாள் ஆறுச்சாமி எஞ்சினைத் திறந்து, மூன்றாவது பிஸ்டனை வெளியே எடுத்தான். அது உடலெல்லாம் கீறுண்டு கிடந்தது. வேறு பிஸ்டன் கோயமுத்தூரிலிருந்துதான் வரவேண்டும்.

நண்பகலில் சின்னத்தாயிக்கு வலி கண்டது. மருத்துவச்சி மூக்கம்மாள் தடவிப் பார்த்து வெளியே வந்தாள். “புள்ள குறுக்க கெடக்குய்யா. என் கையால ஆகாது. மாட்டுவண்டியில போனா வழியிலயே முடிஞ்சிரும்.”

பொன்ராஜ் கொட்டகைக்கு ஓடினான். ஆறுச்சாமி மற்ற மூன்று சிலிண்டர்களையும் விரலால் தடவிப் பார்த்தான்.

“மத்த மூணும் பழுதில்லீங்க. கெட்டத வெளிய போட்டுட்டு மூணுலயே போலாமுங்க. பெருசாக்குன மூணு, பழைய நாலுக்குச் சமானம்.”

“அந்தப் பழைய நாலுதானே அன்னைக்கு நின்னுச்சு!”

“அன்னைக்குப் பொட்டி இருந்துச்சு. இன்னைக்கு உங்க சம்சாரமும் மருத்துவச்சியும் தவுத்து ஆரும் ஏறக்கூடாது. நானும் நடந்தேதான் வருவேன்.”

பிஸ்டன் எடுத்த இடத்தில், சுழலும் தண்டின் துளை வழியே எண்ணெய் சிதறி வீணாகாமலிருக்க அதைத் தோல்வாரால் இறுகச் சுற்ற வேண்டியிருந்தது. பொன்ராஜ் தன் இடைவாரை அவிழ்த்துக் கொடுத்தான்.

வண்டி புறப்படும்போது பிச்சைமணி குறுக்கே நின்றார். அவர் தோளில் ஒரு நெல்மூட்டை இருந்தது. “ஆள் வேண்டாம். இதையாவது ஏத்து மாப்ளே. காலி வண்டியா போகாதே.”

“அவ வயிறு நெறஞ்சிருக்கு மாமா. அந்த நெறை போதும். வழிய விடுங்க.”

முதியவர் மூட்டையை ஓரத்தில் இறக்கிவிட்டு, இரண்டு கருங்கற்களைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்னே நடந்தார். மற்ற ஆண்களும் தொடர்ந்தனர்.

மூன்று கால்களால் நடக்கும் விலங்கைப்போல் லாரி நொண்டி நொண்டி ஏறியது. சூடு ஏறும்போதெல்லாம் ஆறுச்சாமி கையை உயர்த்துவான், வண்டி நிற்கும், பிச்சைமணி சக்கரத்துக்கடியில் கல் வைப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்னால் சின்னத்தாயியின் முனகல் உரத்துக் கேட்டது. நிற்பது பொன்ராஜுக்குப் பழைய சாவை மறுபடியும் காண்பதாயிருந்தது. நில்லாமற் போனால் எஞ்சின் இறுகும். அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை அழுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தான்.

“போலாமுங்க,” என்பான் ஆறுச்சாமி. வண்டி நகரும்.

ஆசுபத்திரி ஆயா கத்தரீனாள் அவளை உள்ளே வாங்கிக்கொண்டாள். கதவு சாத்தப்பட்டது. வாசற்கூரையின் கீழ் ஆண்கள் நனைந்தபடி நின்றனர். மழை ஓயத் தொடங்கிய வேளையில் உள்ளிருந்து மெலிந்த அழுகை ஒன்று எழுந்தது. சற்றுப் பொறுத்துக் கத்தரீனாள் வெளியே வந்தாள்.

“ஆம்பளப் புள்ள. தாய்க்கு ரத்தம் நெறையப் போயிருக்கு. ரெண்டு நாள் போனாத்தான் தைரியமா சொல்ல முடியும்.”

பொன்ராஜ் தாழ்வாரத் தண்ணீரில் எண்ணெய்க்கறை போகக் கைகளைக் கழுவினான். வேலியோரத்தில் மழைக்குத் தப்பிப் பூத்திருந்த ஒரு காட்டுப்பூவைப் பறித்து வந்து, அந்த வாசற்படியில் வைத்தான். எந்தச் சாமியின் வாசல் என்று எண்ணவில்லை. நெற்றி நிலத்தில் படிய விழுந்து, நெடுநேரம் எழாதிருந்தான்.

கத்தரீனாள் குனிந்து அவன் தலையில் கைவைத்தாள்.

“எந்திரியும். ஆண்டவரு நிழல்ல தாயும் புள்ளையும் நீடூழி நல்லாருக்கட்டும்.”