வெள்ளிக்கிழமைச் சொம்பு

பானுமதிக்கு ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டும் லைசென்ஸ் கிடைத்தது. கணவர் சுரேஷ்குமார் அதை வாங்கிப் பார்த்து, போட்டோ நன்றாக விழுந்திருப்பதாகச் சொன்னார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார்.

"நம்மளது பழைய வண்டி. எடுத்துட்டுப் போ, வேணாங்கலை. ஆனா ஒரு தடவை நடுரோட்டுல நிறுத்தினேன்னு வை, உப்பிலியபுரத்துக்காரர் ஒருத்தர் விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கார். குடுத்துடுவேன்."

பானுமதி துவாக்குடியில் ஒரு மாணவியர் விடுதிக்கு வார்டன். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தவள். காரில் போகத் தொடங்கிய பிறகு யாரும் அவள் காலை மிதிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வாய்விட்டுப் பாசுரம் பாடலாம். ஸ்வரம் பிசகினால் பெருமாள் ஒருவருக்குத்தான் தெரியும். இதை இழக்க அவளுக்கு மனமில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, காவிரிப் பாலத்தின் நடுவில், காரின் முன்பக்கத்திலிருந்து சுவர்க்கோழி கத்துவது போலச் சத்தம் வந்தது. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. அவள் அங்கேயே நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். பின்னால் வந்த பஸ் டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"அக்கரை வரைக்கும் ஓட்டிடுங்கம்மா, ஒண்ணும் ஆகாது," என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

அவள் மாட்டேன் என்றாள். அவர் அலுத்துக்கொண்டே இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். காரைத் திருப்பித் தள்ளிவந்து, மாம்பழச் சாலையில் மெக்கானிக் மீரானின் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். டீ கூட வேண்டாமென்று போய்விட்டார்கள். அன்று பெருமாள் காக்கிச் சட்டையில் வந்தார் என்றுதான் நான் சொல்லுவேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே பாத்திரக் கடை வைத்திருக்கும் சுரேஷ்குமார், கடையை விட்டுவிட்டு வந்தார்.

"பாலத்து நடுவுல நிறுத்தியிருக்கா, பாய். நம்ம கடைக்கு வர்ற ஆளு ஒருத்தர் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பறார்."

"நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டாள் பானுமதி.

மீரான் அதற்குள் இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியிருந்தார்.

"சார், கொஞ்சம் குனியுங்க. இதான் டைமிங் பெல்ட். உள்ள வால்வும் பிஸ்டனும் இடிச்சுக்காம முறை வச்சு வேலை செய்யறது இதனாலதான். ஓரத்தைப் பாருங்க."

ஓரம் கிழிந்த சாக்கு போல நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

"இதே பெல்ட்டுதான் வாட்டர் பம்பையும் சுத்துது. அந்தப் பம்ப் சக்கரத்தை, புல்லியை ஆட்டுங்க."

சுரேஷ்குமார் ஆட்டினார். அது விழப்போகிற பல் போல ஆடியது.

"பேரிங் போச்சு. அந்தச் சத்தம் இதுதான். தண்ணி கசிஞ்சு பெல்ட்டு மேல ஒழுகியிருக்கு. புல்லி கோணிக்கிட்டதால பெல்ட்டு ஓரமா உரசியிருக்கு. அக்கா அக்கரை வரைக்கும் ஓட்டியிருந்தா பெல்ட்டு அறுந்து வால்வெல்லாம் வளைஞ்சிருக்கும். இன்ஜினையே பிரிக்கணும். அங்கேயே நிறுத்துனதால பெல்ட்டும் பம்பும் மாத்துறதோட போச்சு."

சுரேஷ்குமார் இதைப் பேரம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார்.

"சரி, பம்ப் ஏன் போச்சு? கிளட்ச் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுவா. அதனாலயா?"

மீரான் பம்பைக் கழற்றி ஒரு தட்டில் கவிழ்த்தார். துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர் வந்தது. அதன் அடியில் மணல் மினுமினுத்தது.

"ரேடியேட்டர்ல என்ன சார் ஊத்துறீங்க?"

"காவிரித் தண்ணி," என்றார் சுரேஷ்குமார், நிமிர்ந்து நின்று. "அம்மா மண்டபம் படித்துறையில நானே மொண்டுட்டு வரேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு சொம்பு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சா மட்டும் போதுமா? வடிகட்டித்தான் ஊத்துறேன்."

"எதுல?"

"வேட்டியில."

"வாரா வாரம் ஊத்த இடம் இருந்துச்சா?"

"முழுச் சொம்பும் உள்ள போகும். வண்டி ஏத்துக்குதுன்னு நினைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. பானுமதி தட்டைப் பார்த்தாள். பம்பை அரித்தது அந்த மணல்தான்; பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டப் போதுமான அளவு இருந்தது. மீரான் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க பக்தியா கொண்டுவர்ற தண்ணியை இந்த இன்ஜின் போட்டுக் கொதிக்க வைக்குது. அது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. பானெட்டு மேல நாலு துளி தெளிச்சுட்டு மிச்சத்தைத் துளசிக்கு விடுங்க. உள்ளுக்கு நான் கூலன்ட் ஊத்தித் தரேன்."

காவிரித் தண்ணீரைக் கொதிக்க வைத்தது சுரேஷ்குமாருக்கு உறைத்தது. மணலும் உறைத்திருக்கும். ஆனால் மணலைப் பற்றி யாரும் அவரை வாய் திறக்க வைக்கவில்லை. கையில் கிடைத்த தட்டை அடுத்தவர் முகத்துக்கு நேரே நீட்டுவதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். நீட்டாமலிருப்பதற்குப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும்.

பானுமதி அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். காவிரித் தண்ணீர் என்பதால் சாக்கடையில் கொட்டாமல் சுவரோர மண்ணில் ஊற்றினாள். தட்டைக் குழாயடியில் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். சுரேஷ்குமார் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி எப்ப கிடைக்கும், பாய்?"

"நாளைக்குச் சாயங்காலம்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "அதுக்கு மறுநாள் உனக்கு டூட்டி உண்டா?"

"உண்டு."

"போற வழியில என்னைக் கடைக்குப் பக்கத்துல, சத்திரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட இறக்கி விட்டுடு."

பானுமதி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிடுவேன்," என்றாள். "காத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

"சரி," என்றார் சுரேஷ்குமார்.