பத்துப் பாகைச் சரிவு

1

மாடுகளைப் பற்றி எழுதும் ஆசை எனக்குச் சத்தியமாக இருக்கவில்லை. டூட்டிங்கில் என் வீட்டு பியூஸ் பெட்டி புகைந்திராவிட்டால் இந்தக் கதையே இல்லை. அதைத் திருத்த தோர்ண்டன் ஹீத்திலிருந்து கிறிஸ்துராஜா வந்தார். மன்னார்க்காரர், நாற்பத்துநான்கு வயது, எலெக்ட்ரீசியன். அவருடைய மகள் என்னுடைய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்பதால் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மெயினை நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் தலையை விட்டபடியே, தங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை நேரம் வேத வாசகம் வாசிக்கிற இசபெல் அக்காவின் கதையைச் சொன்னார்.

"பாவம் ரீச்சர் அந்த மனுசி. நீங்கள் எழுதுறனீங்கள்தானே, எழுதுங்கோவன்."

சொன்னால் போதுமே எனக்கு! ஆள் படியிறங்க முதலே தலைப்பு வைத்துவிட்டேன். (‘தாகம்.’ சிரிக்கவேண்டாம். அதைப் பிறகு மாற்றிவிட்டேன்.)

2

அவர் சொன்ன கதை இது.

தெற்கு லண்டன் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் மேடு. மழைத்தண்ணீர் தேங்காத நிலம் என்பதால் மிசிஸ் பார்லோ என்ற பண்ணைக்காரி தன் பதினான்கு நாகுகளைக் குளிர்காலத்திலும் அங்கேதான் விடுகிறார். நாகு என்றால் இன்னும் கன்று போடாத இளம்பசு. குளிர்தானே, தண்ணீர் பெரிதாகத் தேவைப்படாது என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாகு ஒரு நாளைக்கு முப்பது லீற்றர் குடிக்குமாம். மேட்டில் அவற்றுக்கென்று வைத்த தொட்டி நிறைந்திருந்தாலும் ஒரு நாளைக்கு மட்டுமட்டாகத்தான் காணும்.

மேட்டில் கரண்டும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. கீழே கார் போகிற சின்ன ஒழுங்கையோரம் ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கி. அங்கிருந்து மேலே தொட்டிக்கு ஏற்ற ஒரு சின்னப் பம்ப், பம்புக்கு ஒரு பற்றறி, பற்றறிக்கு இரண்டு சோலர் பலகைகள். இவற்றைச் சென்ற மே மாதம் பூட்டியவர் கிறிஸ்துராஜா. அவரை அந்த வேலைக்குச் சொல்லிவிட்டவர் இசபெல். தினமும் காலை எட்டு மணிக்கு மேடேறி, நாகுகளை எண்ணி, தொட்டியைப் பார்த்து, வேலிக் கதவில் தொங்கும் கொப்பியில் எழுதுவது இசபெலின் வேலை.

கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம், சனிக்கிழமை, இசபெல் எழுதினார்: ‘பதினான்கு. தொட்டி நிறைய.’ அன்று கோயிலில் பாட்டுப் பயிற்சி. ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். ஞாயிறு விடியுமுன் நாகுகள் வேலியை முறித்துக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கின. ஒன்றைக் கார் மோதியது. கால் முறிந்துபோன அந்த நாகுவை மிருக வைத்தியர் வேதனை தீர ஊசி போட்டுத்தான் அனுப்பிவைத்தார். மேலே தொட்டி காய்ந்து கிடந்தது.

மதியம் வெயில் எறித்ததும் மிசிஸ் பார்லோ பம்பைப் போட்டுப் பார்த்தார். ஓடியது! அப்படியென்றால் தொட்டிக்குத் தண்ணீரை விடுகிற மிதவை சனிக்கிழமை காலையிலேயே பனியில் இறுகியிருக்கவேண்டும், தொட்டி அப்போதே வெறுமையாக இருந்திருக்கவேண்டும், இசபெல் பார்க்காமலே எழுதியிருக்கவேண்டும். வேலை போயிற்று.

வேலை போனால் இன்னொரு வேலை. இசபெலுக்குப் போனது வேறு. "நான் பாத்தனானோ, பாக்காமல் எழுதினனானோ, எனக்கே தெரியேல்லை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். பதினேழு வருடம் வாசகம் வாசித்தவர், "பொய் எழுதின கையால வேதப் புத்தகத்தைத் தொடமாட்டன்" என்று கோயிலின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டார். சாமியார் கேட்டும் வரவில்லை.

3

நான் எழுதி எறிந்த தொடக்கங்கள்:

‘டிசம்பர் மாத நண்பகல். உச்சி வெயிலில் சோலர் பலகைகள் தகதகத்தன. சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்க, பதினான்கு நாகுகளும்’

(இதில் எனக்கு அப்போது ஒரு பிழையும் தெரியவில்லை. நினைவில் வைத்திருங்கள்.)

‘இசபெல் பொய் சொல்லமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும், இசபெலைத் தவிர.’

(அழகான வரி. அழகு கூடிப்போனதால் வெட்டினேன்.)

‘மாடு செத்த அன்று இசபெல் வீட்டில் சமைக்கவில்லை. ஏனென்றால்’

(ஏனென்று எனக்கென்ன தெரியும்? நான் அந்த மனுசியைக் கண்டதேயில்லை.)

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். எனக்கு இசபெலில் சந்தேகம் இருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளின் வீட்டுப்பாடக் கொப்பி திருத்தியவள் நான். பார்க்காமல் எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும் என்று ஒரு மிதப்பு. அதனால் முதல் வரைவில் அவர் வேலிக் கதவருகிலேயே நின்று, மேலே ஏறாமலே, ‘தொட்டி நிறைய’ என்று எழுதிவிட்டுப் போகிறார். குற்ற உணர்ச்சிக்கு ஒரு குற்றம் வேண்டாமா? கதைக்கு அது வசதியாக இருந்தது.

4

பியூஸ் பெட்டிக்குச் சேர்ட்டிபிக்கற் தர கிறிஸ்துராஜா மறுபடி வந்தபோது அந்த வரைவை வாசித்துக் காட்டினேன். முதல் வரியான அந்த உச்சி வெயிலிலேயே மனிதர் சிரித்துவிட்டார்.

"ரீச்சர், எத்தினை வருசம் லண்டனில இருக்கிறியள்?"

"முப்பத்தொண்டு. ஏன்?"

"டிசம்பரில இங்க எங்க சூரியன் தலைக்கு மேல வாறது? மரத்துக்கு மேலயே வராது. நீங்கள் ஊர்ச் சூரியனைக் கொண்டுவந்து வச்சிட்டியள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிரித்துச் சமாளிக்கலாம் என்று நிமிர்ந்தால், அவருடைய சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார்.

"ரீச்சர், அந்த மனுசி பாத்துத்தான் எழுதினவ."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"நானும் அதைத்தான் செய்தனான். ஊர்ச் சூரியனை வச்சுத்தான் பூட்டினனான்."

5

(இந்தப் பகுதியை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். என் கைச்சரக்கு எதுவும் இல்லை.)

மாடு செத்த மறுநாள், திங்கட்கிழமை, பம்பைச் சோதிக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நண்பகல். கிறிஸ்துராஜா மேட்டில் நின்று குனிந்து பார்த்தபோது தன் நிழல் மூன்று ஆள் நீளத்துக்கு மேல் புல்லில் விழுந்து கிடப்பதைக் கண்டார். அப்போதுதான் நிமிர்ந்து பலகைகளின் சரிவைப் பார்த்தார்.

மன்னாரில் ஆறு வருடம் தோட்டக் கிணறுகளுக்குச் சோலர் பூட்டியவர் அவர். அங்கே பலகையைப் பத்துப் பாகை சரித்தால் போதும்; மழை தூசியைக் கழுவிக்கொண்டு போகும், வெயில் மேலிருந்து கொட்டும். லண்டனில் இரண்டொரு தடவை செய்த சோலர் வேலையெல்லாம் கூரைகளில். கூரையின் சரிவுதான் பலகையின் சரிவு, யோசிக்க ஒன்றுமில்லை. தானே பலகைக்குக் கால் வெட்டி நிலத்தில் நிறுத்தியது இந்த மேட்டில்தான். கை தன்பாட்டில் பத்துப் பாகைக்கு வெட்டிவிட்டது. இங்கே குளிர்கால மாரி வெயிலைப் பிடிக்க அறுபது வேண்டும். கோடையில் சூரியன் உயர ஏறியதால் ஒருவருக்கும் தெரியவில்லை. டிசம்பரில் நான்கு நாள் வானம் மப்பு போட்டதும் பற்றறி வற்றிவிட்டது. ஞாயிறு வெயிலில் கொஞ்சம் ஏறியதால்தான் மிசிஸ் பார்லோ போட்டபோது பம்ப் ஓடிக்காட்டியது.

பம்பை இயக்குகிற கொன்ட்ரோலர் பெட்டியில் எல்லாம் பதிவாகியிருந்தது. சனிக்கிழமை காலை முழுக்கப் பம்ப் ஓடியிருக்கிறது. மிதவை இறுகியிருந்தால் அது ஓடியே இராது. பகல் 11.40க்குப் பற்றறி குறைந்து பம்ப் நின்றிருக்கிறது. அதாவது, இசபெல் எழுதி மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் கழித்து.

"மாதாவே" என்றாராம் வாய்விட்டு. பிறகு கீழே இறங்கி மிசிஸ் பார்லோவிடம், பம்பில் பிழையில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒருவிதத்தில் உண்மைதான்: பம்பில் பிழையில்லை. ஜனவரியில் போய், மாரிகாலச் சேர்விஸ் என்று சொல்லி, புதுக் கால் வெட்டிப் பலகைகளை நிமிர்த்திவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு தொட்டி ஒருநாளும் வற்றவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "அவ கடைசி வாங்கில இருக்கிறா, நீர் இங்க இருந்து தேத்தண்ணி குடிக்கிறீர். போய்ச் சொல்லுமன்!"

"மூண்டு ஞாயிறு கிட்டப் போனனான் ரீச்சர். 'என்ன தம்பி, பிள்ளையள் சுகமோ' எண்டு கேப்பா. 'ஓம் அக்கா' எண்டுபோட்டு வந்திடுவன். வாய் வருகுதில்லை. எங்கட கோயில் ஆள், நம்பிக் குடுக்கலாம் எண்டு என்னைச் சொல்லிவிட்டதே அவதானே."

6

அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு முடிவு வரவில்லை. முயன்றவை:

அ) பூசை முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கையில் அவர் சொல்லிவிடுகிறார். இசபெல் அவர் தலையில் கைவைத்து, "போடா தம்பி" என்கிறார். எழுதும்போது நானே அழுதுவிட்டேன். அதனாலேயே நம்பவில்லை.

ஆ) அவர் சொல்லவேயில்லை. பதின்மூன்று நாகுகளும் வயிறு நிறையக் குடிக்கின்றன. இசபெல் கடைசி வாங்கில். (இதை நான் கற்பனை செய்யத் தேவையில்லை. இதுவரை நடப்பது இதுதான்.)

இ) பலகைகள் திடீரென்று ஏன் நிமிர்ந்து நிற்கின்றன என்று மிசிஸ் பார்லோ ஒருநாள் யோசித்து

(யோசிக்கமாட்டார். தொட்டி நிறைந்திருந்தால் பலகையை யார் பார்ப்பார்கள்?)

7

கடைசியில், ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் மாற்றினேன். கிறிஸ்துராஜாவை டிலுக்சன் ஆக்கினேன், இசபெலை றோஸ்மலர் ஆக்கினேன், தோர்ண்டன் ஹீத்தைப் பிளேஸ்டோ ஆக்கினேன். தாளில் அடித்து, ‘இப்படிப் போடலாமா?’ என்று கேட்டு அவருக்கு அனுப்பினேன்.

ஒன்பது நாள் கழித்துத் தாள்கள் என் கதவுத் துளைக்குள்ளால் வந்து விழுந்தன. டிலுக்சன் என்று வந்த ஒவ்வொரு இடத்திலும் நீல மையால் ஒரு கோடு, மேலே தன் பெயர். பிளேஸ்டோவையும் வெட்டியிருந்தார். கொன்ட்ரோலர் பதிவின் படமொன்றை ஓரத்தில் ஒட்டியிருந்தார். கடைசித் தாளின் அடியில் ஒரு வரி: ‘அக்கான்ர பேரையும் மாத்தவேண்டாம் ரீச்சர்.’

திருத்திய கொப்பிகளை எத்தனையோ பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒன்று திருத்தி வந்தது இதுதான் முதல் தடவை. எல்லாத் திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டுவிட்டேன். நீங்கள் இவ்வளவு நேரமும் வாசித்தது அதைத்தான்.

முடிவை வாசகரிடம் விடுவது எங்கள் தொழிலில் வேலைக்கள்ளர் செய்கிறது என்று இதுவரை ஏசிவந்தவள் நான். இப்போது நானே விடுகிறேன், ஆனால் ஒரே ஒரு வாசகரிடம். இந்தக் கதை வருகிற இதழ் வெளியானதும் ஒரு பிரதியைக் கடைசி வாங்கில் வைக்கச் சொல்லி அந்தக் கோயிலுக்கு அனுப்புவேன்.

இசபெல் அக்கா, சனிக்கிழமை எட்டு மணிக்குத் தொட்டி நிறைந்திருந்தது. நீங்கள் பார்த்தீர்கள். பார்த்ததைத்தான் எழுதினீர்கள். உங்களைச் சந்தேகித்து நான் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அதற்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துராஜாவை என்ன செய்வதென்பது உங்கள் பாடு. அதில் நான் ஒரு சொல்லும் எழுதமாட்டேன்.

வருகிற ஞாயிறு முதலாம் வாசகத்துக்கு இன்னும் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லையாம்.