நாலு புள்ளி ஒன்பது

போனில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்காரர் மற்றக் கட்சிக்காரரின் கையிலிருப்பதைப் பார்த்தால், ஐயோ பாவம் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். வாஷிங் மெஷின் மெக்கானிக் எந்தக் கட்சியிலும் சேர்ந்தவர் அல்ல. ஏழு வருடத்துக்கு முன் கடைக்காரர் எடுத்து நீட்டியதை வாங்கினார், அவ்வளவுதான். கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கீறல் ஓடியிருந்தாலும், காலை ஏழரைக்கு அது டிங் என்றால் அன்றைக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த டிங் ஓர் ஆப்பிலிருந்து வருவது. வீட்டில் மெஷின் மக்கர் செய்தால் ஜனங்கள் ஆப்பைத் தட்டுவார்கள். ஆப் ஒரு மெக்கானிக்கை அனுப்பிவைக்கும். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் நட்சத்திரம் போடுவார். ஏழு வருடத்தில் மூவாயிரத்து நானூறு மெஷின் பார்த்து, மெக்கானிக் நாலு புள்ளி ஒன்பதில் நின்றார். ஐந்துக்கு ஏன் புள்ளி ஒன்று குறைந்தது என்றால், ஜோடி சாக்ஸில் ஒன்று காணாமல் போனதற்கெல்லாம் மெக்கானிக்கைக் குற்றம் சொல்லும் வீடுகளைத்தான் கேட்க வேண்டும்.

நட்சத்திரத்தைக் கஞ்சியில் கரைத்துக் குடிக்க முடியாதுதான். ஆனால் நாலு புள்ளி எட்டுக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் அக்கம்பக்கத்து வேலைகள் முதலில் போகும். தூரமும் மாடியும் புதியவர்கள் தலையில். மெக்கானிக்குக்கு இப்போது அக்கம்பக்கம்தான் உயிர். அவர் மனைவிக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. எழுப்பி நிறுத்திவிட்டால் வாக்கரைப் பிடித்து நடந்துவிடுவாள். தானாக எழத்தான் முடியாது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வந்து தூக்கிவிட்டு பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த ஒருவர் அவர்தான். ஒரே மகள் கல்யாணமாகி மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கல் விழுந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து இந்த ஆப் உங்கள் போனில் இயங்காது, புதிய போனுக்கு மாறுங்கள் என்று ஒரு செய்தி. போன் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருப்பதைக் கெட்டுப்போனதாகச் சொல்வதை மெக்கானிக் தொழிலில் அயோக்கியத்தனம் என்பார்கள். இவர்கள் அதற்கு அப்டேட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை இவர் போனுக்கு எதிர்க்கட்சியின் தீவிரத் தொண்டர். வருடத்துக்கு ஒரு போன். பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் சொல்லாமல் நிலாவைப் படம் எடுத்துக் காட்டுவார். போன வருடத்துப் போனைத் துடைத்து, உறை போட்டு, மாமனார் கையில் வைத்தார். "மாமா, இது பழசுதான். ஆனா நீங்க இத்தனை நாளா வெச்சிருந்தது போனே இல்ல."

பழைய நம்பரை அதற்கு மாற்றிக் கொடுத்தார். போட்டோக்களை மாற்றிக் கொடுத்தார். வேலை ஆப்பை மட்டும் தொடவில்லை. அதில் பாஸ்வேர்டு கேட்கும், மாமனார் பாஸ்வேர்டு மருமகனுக்கு எதற்கு, நீங்களே திறந்துகொள்ளுங்கள் என்று மரியாதையாக விலகிக்கொண்டார். சில மரியாதைகள் நம் கழுத்தைத்தான் அறுக்கும்.

அவர்கள் கிளம்பியபின் மெக்கானிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தார். கேமராவைப் பார்க்கலாமா என்றது, சம்மதம் என்று தட்டினார். இருக்கும் இடத்தைப் பார்க்கலாமா, சம்மதம். மைக், தொடர்பு எண்கள், காலண்டர், சம்மதம், சம்மதம், சம்மதம். பெண் பார்க்க வந்தபோதுகூட இவர் இத்தனை தடவை சம்மதம் சொல்லவில்லை என்றாள் மனைவி, தலையணையில் சாய்ந்தபடி.

பிறகு இரண்டு பொத்தான் வந்தது. ஒன்றில் 'பழைய கணக்கைத் தொடர்க', மற்றதில் 'புதிதாகத் தொடங்குக'.

இங்கேதான் தொழில் அவரைக் கவிழ்த்தது. மெஷினில் கன்ட்ரோல் போர்டு மாற்றினால் பழைய ஓட்டத்தைத் தொடரவே கூடாது. பாதித் துவைப்பில் நின்றதைத் தொடர விட்டால், புது போர்டு தண்ணீர் நிறைந்த டிரம்மை வேகமாகச் சுழற்றி மோட்டாரைச் சாப்பிட்டுவிடும். எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இதை எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறார். போனும் புதிது, கட்சியும் புதிது. அவர் விரல் யோசிக்காமல் 'புதிதாகத் தொடங்குக' மேல் போய் உட்கார்ந்தது. இந்த எண்ணில் உள்ள பழைய கணக்கு நிரந்தரமாக மூடப்படும் என்று அடுத்து ஒரு வரி வந்தது. அதன் கீழேயும் 'சம்மதம்' என்றே இருந்தது. ஐந்து சம்மதம் சொன்ன கை ஆறாவதையும் சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை ஏழரைக்கு டிங் வந்தது. பத்தொன்பது கிலோமீட்டர், ஆறாவது மாடி, பத்தரை மணிக்கு. தப்பாக வந்திருக்கும் என்று நினைத்தார். மேலே தன் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கும் இடத்தைப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. 'புதியவர்' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. முதல் வேலையை மறுத்தால் ஒரு வாரம் கணக்கு முடங்கும் என்ற எச்சரிக்கை வேறு. மனைவியிடம் தூரத்து வேலை என்று மட்டும் சொல்லி, டூல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்து, உதவி எண்ணைக் கூப்பிட்டார். பாட்டுப் பாடி, ஒன்றை அழுத்தச் சொல்லி, நான்கை அழுத்தச் சொல்லி, கடைசியில் ஒரு பெண் வந்தாள். சின்னக் குரல், அவளும் களைத்துத்தான் இருந்தாள்.

"நான் மூவாயிரத்து நானூறு மெஷின் பாத்திருக்கேன்மா," என்றார்.

"எங்ககிட்ட பூஜ்யம்னு காட்டுது சார்."

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். இவர் தொடர்க என்று தட்டியிருந்தால் எந்தப் போனிலும் எல்லாம் அப்படியே வந்திருக்கும். மூடியது மூடியதுதான், சம்மதம் கொடுத்திருக்கிறார். பக்கத்து வேலை வேண்டுமென்றால் இன்றைக்குள் புதியவருக்கான பயிற்சியை முடிக்க வேண்டும், பிறகு ஐம்பது வேலை, அதன் பிறகு பரிசீலிப்பார்கள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வீட்டில் மனைவியைத் தூக்கிவிட ஆள் வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஒன்றும் இல்லம்மா என்று வைத்துவிட்டார்.

ஆறாவது மாடி மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லை. பம்பைக் கழற்றினால் உள்ளே ஒரு ஹேர் கிளிப். பத்து நிமிட வேலை. ஆனால் வீட்டுக்கார அம்மாள் குளித்துவிட்டு வரும்வரை முக்கால் மணி நேரம் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு இவர் இன்னும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போன் போட்டார்.

"மெதுவா வாங்க. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்," என்றாள் மனைவி.

இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தபோது இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தும் அறையில் வாடை இருந்தது. வெந்நீர் வைத்து, அவளைத் துடைத்து, வேறு நைட்டி மாற்றி, விரிப்பை உருவினார். முப்பத்தோரு வருடத்தில் அவள் அவர் முன்னால் இப்படி வெட்கப்பட்டு அவர் பார்த்ததில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"மெக்கானிக் வீட்டுல துவைக்கத் துணியா பஞ்சம்," என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே. சிரிக்க முயன்றாள்.

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு பொத்தானை, தன் விரலை, பூஜ்யத்தை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஐம்பது வேலை என்றால் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டாள். ஒரு மாதம் ஆகலாம் என்றார். சரி, அந்தப் பயிற்சியை இப்போதே முடியுங்கள், அப்புறம் என்னைக் கொஞ்சம் நடக்க வையுங்கள், முதுகு மரத்துப்போயிற்று என்றாள்.

விரிப்பை மெஷினில் போட்டு ஓடவிட்டார். அதன் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து பயிற்சியைத் திறந்தார். ஒரு வீடியோ. அதில் நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் ஒரு வீட்டு வாசலில் நின்று மணியடித்தார், காலணியைக் கழற்றினார், மெஷினின் பிளக்கை முதலில் பிடுங்கினார், பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். முடி நிறையவே கறுப்பு. மெக்கானிக்குக்குத் தன்னையே அடையாளம் தெரிய இரண்டு நொடி ஆயிற்று. ஆறு வருடத்துக்கு முன், நல்ல நட்சத்திரம் வாங்கியவர் என்று ஆபீசுக்குக் கூப்பிட்டு, இரவல் சட்டை போட்டு எடுத்தார்கள். வசனம் எழுதிக் கொடுத்தது அவர்கள். சிரிப்பு மட்டும் அவருடையது.

"நாம ஒழுங்கா வேலை செஞ்சா போதும்," என்றார் வீடியோவில் இருந்தவர். "கம்பெனி நம்மள மறக்காது."

"யாரு அது? உங்க குரல் மாதிரியே இருக்கு," என்று உள்ளிருந்து கேட்டாள் மனைவி.

"நான்தான்."

வீடியோ முடிந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. ஒழுங்காக வேலை செய்பவரை நிறுவனம் மறப்பதில்லை. இதற்குக் கீழே 'சரி', 'தவறு' என்று இரண்டு பொத்தான். இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. நன்றாக யோசித்து 'தவறு' என்பதை அழுத்தினார். போன் அதிர்ந்தது. உங்கள் விடை தவறு, வீடியோவை மீண்டும் முழுமையாகப் பார்க்கவும் என்றது. நீலச் சட்டைக்காரர் மறுபடியும் மணியடித்தார்.

அதை முழுக்கப் பார்த்தார். கேள்வி மறுபடி வந்தது. விரல் 'தவறு' மேலேயே போய் நின்றது. இன்னொரு தடவை அழுத்தினால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பார்க்கலாம் என்றுதான் தோன்றியது. ஒரு நாள் பூராவும் அழுத்திக்கொண்டே இருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

"என்ன பண்றீங்க இவ்வளவு நேரமா?"

கேள்வியைப் படித்துக் காட்டினார்.

"சரின்னு போட்டுட்டு வாங்க," என்றாள். "என்னைத் தூக்கி விடணும்."

அவர் 'சரி' என்பதை அழுத்தினார். போனை ஸ்டூலில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.